சத்தம் இல்லாத நாற்பது வினாடி

உட்காருங்கள் சார், பையை எடுத்துவிடுகிறேன். மின்விசிறிக் காற்று இந்த பெஞ்சுக்குத்தான் கொஞ்சம் வருகிறது. உங்கள் வழக்கு எத்தனையாவது? பதினொன்றா? அப்படியென்றால் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூப்பிடுவார்கள். என்னுடையது ஆறு. என்னுடையது என்று சொல்வதே தவறு. எனக்கு வழக்கு எதுவும் கிடையாது. நான் சாட்சி.

அதோ, வராந்தாக் கடைசியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கோடு போட்ட சட்டையோடு ஒருவன் நிற்கிறான் பாருங்கள், பக்கத்தில் மனைவி. அவன் வழக்குதான். சேர்மத்துரை. வேலையை விட்டு நீக்கியது செல்லாது என்று கம்பெனி மேல் போட்டிருக்கிறான். நான் அவனுக்கு சூப்பர்வைசராக இருந்தவன். ரொம்ப நேரம் பார்க்காதீர்கள், திரும்பிவிடுவான். காலையில் என்னைக் கண்டதும், "அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

என்னைச் சாட்சிக்கு அழைத்தது கம்பெனி என்று நினைக்காதீர்கள். அவன்தான் அழைத்திருக்கிறான். "அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாரு" என்று அவன் வக்கீலிடம் சொன்னானாம். அந்த வக்கீல் என்னிடம் போனில் சொல்லிச் சிரித்தார்.

காற்றாலை பார்த்திருப்பீர்கள். நாகர்கோவில் போகிற வழியில் பணகுடி தாண்டினால் இரண்டு பக்கமும் அதுதான். பஸ்ஸிலிருந்து பார்க்கிறவருக்கு அழகு. ஏறுகிறவனுக்கு அது இருபத்தைந்து மாடி. உள்ளே ஏணி. உச்சியில் ஒரு வேன் அளவுக்குப் பெட்டி. அந்தப் பெட்டியின் கூரையில், பின்பக்க ஓரத்தில், காற்றின் வேகத்தை அளக்கிற சின்னக் கருவி இருக்கும். அது பழுதானால் காத்தாடி தானாக நின்றுவிடும். பிறகு புயலே அடித்தாலும் சுற்றாது. அதைப் போய் மாற்றுகிறவன் சேர்மத்துரை. கீழே வாக்கி டாக்கியோடு நிற்கிறவன் நான். இருபத்தேழு வருஷம் நின்றேன். போன வருஷம்தான் ஓய்வு.

கூரைக்குப் போகிறவன் இடுப்பில் பெல்ட் இருக்கும். பெல்ட்டில் இரண்டு கயிறு, கயிற்று நுனியில் ஒவ்வொரு கொக்கி. ஒன்றைக் கழற்றினால் மற்றது மாட்டியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அன்றைக்கே வேலை போய்விடும். அது ஒரு சட்டம். காற்று வினாடிக்குப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் அடித்தால் கூரைக்கே போகக் கூடாது என்று இன்னொரு சட்டமும் உண்டு. அதற்காக யாருக்கும் வேலை போனதில்லை. ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் காற்று பன்னிரண்டுக்குக் கீழே இறங்குவதாவது! காத்திருந்தால் ஆவணி வந்துவிடும்.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கம்பெனியில் எல்லாம் ஆன்லைன் மீட்டிங் ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணி. சென்னையில் ரங்கபாஷ்யம் சார் உட்கார்ந்திருப்பார், அவர்தான் எங்கள் எல்லோருக்கும் மேலே. ஏழு ஊர் சைட்டிலிருந்து ஏழு சூப்பர்வைசர்கள். போன வாரம் செய்த வேலையைப் படமாகவும் வீடியோவாகவும் எல்லோரும் பார்க்கப் பகிர வேண்டும். வேலைக்கு முன்னால் ஒரு படம், வேலை நடக்கும்போது ஒரு வீடியோ, முடிந்த பிறகு ஒரு படம். காட்டாத வேலை செய்யாத வேலை.

அதில் ஒவ்வொருத்தர் பட்ட பாடு இருக்கிறதே! கயத்தாறு சைட்காரர் எண்ணெய்க் கசிவைக் காட்டுகிறேன் என்று தன் பேத்தியின் காதுகுத்துப் படங்களை ஓடவிட்டுவிட்டார். நிறுத்தத் தெரியவில்லை. பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைத்ததிலிருந்து பந்தி முடிகிற வரைக்கும் ஏழு சைட்டும் பார்த்தோம். ரங்கபாஷ்யம் சார் கடைசியில், "கறி வெந்துதா?" என்று மட்டும் கேட்டார்.

நான் அப்படியில்லை சார். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் இல்லாத சைட் ஆபீசில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரிலிருந்து என் போனுக்கே மீட்டிங் போட்டு, நானே காட்டி நானே பார்த்து, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். கற்றதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஏழு சைட்டுக்கும் அனுப்பினேன். இன்றைக்கும் அந்தத் தாள் சுவரில் ஒட்டியிருக்கும். அதில் நான்காவது வரி இது: 'வீடியோ காட்டுவதாக இருந்தால், பகிர்வதற்கு முன் கீழே உள்ள சின்னக் கட்டத்தில் டிக் போடவும். போடாவிட்டால் படம் மட்டும் போகும், சத்தம் போகாது.' அதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன். பொன்னுலிங்கம் காட்டினால் பளிச்சென்று இருக்கும் என்று ரங்கபாஷ்யம் சாரே சொல்வார்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட நான் ஒரு திங்கட்கிழமை அந்தக் கட்டத்தில் டிக் போட மறந்துவிட்டேன். மனுஷனுக்கு மறதி வருவது சகஜம்தானே?

மூன்று வருஷம் ஆகிறது. ஆடி மாதம். நாற்பத்தேழாம் நம்பர் மெஷின் நின்றுவிட்டது. அந்தக் காற்றளவுக் கருவிதான். காலையிலிருந்து சென்னையிலிருந்து நான்கு போன். நல்ல காற்று வீணாகப் போகிறது, எப்போது ஓடும், எப்போது ஓடும் என்று. சேர்மத்துரையும் ஜெபசிங் என்று இன்னொருவனும் ஏறினார்கள். ஜெபசிங் பெட்டிக்குள் நின்று, கூரைத் திறப்பு வழியாகத் தலையை நீட்டிப் போனில் வீடியோ எடுத்தான். மீட்டிங்குக்கு வேண்டுமே. சேர்மத்துரை கூரையில் தவழ்ந்து போனான். அந்தப் பழைய மாடல் மெஷினில் கொக்கி மாட்டுகிற கம்பி கடைசி வரை போகாது. நான்கடிக்கு முன்னாலேயே முடிந்துவிடும். நீளக் கயிறு இருந்தால் எட்டும். நீளக் கயிறு கயத்தாறு சைட்டில் இருந்தது. வந்து சேர மறுநாள் ஆகும்.

நான் கீழேயிருந்து வாக்கி டாக்கியில், "பாத்துச் செய்யி, சீக்கிரம் முடி" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் இரண்டு கொக்கியையும் கழற்றிவிட்டு அந்த நான்கடியைத் தவழ்ந்து போய்க் கருவியை மாட்டிவிட்டு வந்தான். காத்தாடி சுற்ற ஆரம்பித்தது. கீழே இறங்கியவனுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். "என்னல, ஆடிக் காத்துல குளிருதோ?" என்று கேட்டேன். சிரித்தான். ஜெபசிங் சிரிக்கவில்லை.

ஜெபசிங் அந்த வீடியோவை எனக்கு அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்து மீட்டிங்குக்கு எல்லாவற்றையும் அடுக்கினேன். வீடியோவை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி, "யாரு இப்படி ஏசுதது? உங்க சத்தம் மாதிரில்லா இருக்கு?" என்றாள். "அது வேற யாரோ" என்றேன். "ஆமா, முப்பது வருஷமா அந்த வேற யாரோகூடத்தான் குடும்பம் நடத்துதேன்" என்று சொல்லிவிட்டு மிக்ஸியை ஓடவிட்டாள். அவள் அப்படித்தான், எதையாவது சொல்வாள்.

கொக்கி இல்லாதது என் கண்ணில் படவில்லை சார். சத்தியமாகப் படவில்லை. நான் கருவியைத்தான் பார்த்தேன். மற்ற சைட்டில் இரண்டு நாள் எடுக்கிற வேலையை ஒரே பகலில் முடித்தோம் என்று காட்ட வேண்டும், அதுதான் மனதில் இருந்தது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் எங்கள் முறை வந்தது. சேர்மத்துரையும் ஜெபசிங்கும் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கேமராவில் தெரியாத இடம். தங்கள் வேலையைச் சென்னையில் பார்க்கப் போகிறார்கள் என்று சேர்மத்துரை தலையைக்கூட வாரிக்கொண்டு வந்திருந்தான். வீடியோவை ஓடவிட்டேன். மொத்தம் நாற்பது வினாடி. பாதி ஓடியிருக்கும். ரங்கபாஷ்யம் சார், "நிறுத்துங்க. பின்னாடி போங்க. அந்த ஆளோட கொக்கி எங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"யாரு அது?" என்றார். பெயரைச் சொன்னேன். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்? "யாரைக் கேட்டுக் கழட்டினான்?" என்றார். "நான் கீழ இருந்தேன் சார், மேல நடக்கிறது எனக்குத் தெரியாது" என்றேன். கீழேதானே இருந்தேன், அதில் பொய் ஒன்றும் இல்லையே? சத்தம் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் நான் அங்கேயே டிக்கைப் போட்டுத் திரும்பக் காட்டியிருப்பேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

இல்லை சார். கேட்டார்கள். தேனி சைட்டில் புனிதவதி என்று ஒரு மேடம். கூர்மையான பெண். "பொன்னுலிங்கம் சார், சத்தம் வரலையே. அவர் தோள்ல இருக்கிற வாக்கி டாக்கியில ஏதோ பேசுறார், வாய் அசையுது பாருங்க" என்றார். நான், "ஒரிஜினல்லயே சத்தம் இல்ல மேடம். வெறும் காத்து இரைச்சல்" என்றேன். "ஓ, சரி சார்" என்றுவிட்டார். நான் சொன்னால் நம்புவார்கள். அந்தத் தாளை எழுதியவன் நான்தானே.

பின்னாலிருந்து சேர்மத்துரை, "அண்ணாச்சி, சத்தத்தைப் போடுங்க" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். எனக்குக் கேட்காதது போல இருந்தேன். இன்னும் கொஞ்சம் குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில், "அண்ணாச்சி, நீங்க சொன்னதும் நான் சொன்னதும் அதுலயே இருக்குல்லா? சத்தத்தைப் போட்டா முடிஞ்சுது" என்றான். அவன் சொன்னது மீட்டிங்கில் யாருக்கும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் மைக் மூடியிருந்தது. பேசி முடித்ததும் மைக்கை மூடிவிட வேண்டும், அது மரியாதை, என் தாளில் ஆறாவது வரி. ஆனால் அன்றைக்கு நான் பேசி முடித்திருக்கவில்லை. அவன் வாயைத் திறந்ததும் மூடினேன்.

"இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருங்க" என்றார் ரங்கபாஷ்யம் சார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வீடியோவைப் பாதுகாப்புப் பாடம் ஆக்கிவிட்டார்கள். 'இப்படிச் செய்யாதே' என்று தலைப்பு. புதிதாக ஆள் எடுக்கும்போதெல்லாம் ஆன்லைனில் பாடம், அதை நடத்துவது யார் என்றால் நான். தெளிவாகக் காட்டுவேன் என்று என்னைப் போட்டார்கள். வேறு கம்பெனிக்காரர்களும் கேட்டு வாங்கி, அவர்கள் ஆட்களையும் உட்கார வைத்தார்கள். இருபத்துமூன்று தடவை காட்டியிருக்கிறேன் சார், ஒரு தடவைகூடச் சத்தத்தோடு காட்டியதில்லை. "இவர் பெயர் சேர்மத்துரை. அனுபவசாலி. ஒரு நிமிட அவசரம்." இப்படித்தான் ஆரம்பிப்பேன். பிறகு அவனுக்கு எந்தக் காற்றாலையில் வேலை கிடைக்கும்? போகிற இடமெல்லாம், "நீ அந்த வீடியோக்காரன்லா?" என்பார்களாம். உயரத்தில் ஏறுகிறவனுக்கு ஒரு சான்றிதழ் உண்டு, அதையும் ரத்து செய்துவிட்டார்கள். இன்றைய வழக்கில் அவன் கேட்பதே அதைத்தான். நீக்கியது தவறு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சான்றிதழ் திரும்பக் கிடைக்கும், மறுபடி ஏறலாம்.

நான் அவனைக் கைவிட்டுவிடவில்லை. செங்கல் சூளையில் வாட்ச்மேன் வேலை நான்தான் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். இருபத்தைந்து மாடி ஏறினவன் செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். போகும்போது வரும்போது பார்ப்பேன். எழுந்து நிற்பான். எழாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் எழுந்து நிற்பான்.

அவன் மகள் சடங்குக்கும் போனேன். அவன் மனைவி பேச்சி எனக்கு இலை போட்டு, பாயசம் இரண்டு தடவை ஊற்றினாள். "நீங்க வீடியோ எல்லாம் நல்லா காட்டுவீங்களாமே அண்ணாச்சி, இதையும் ரெண்டு எடுங்களேன்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை சார், மனதாரக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். குலவைச் சத்தம் எல்லாம் நன்றாக விழுந்திருந்தது.

ஜெபசிங் ஓமன் போவதற்கு முன்னால் சொன்னான். சேர்மத்துரை வீட்டில் நடந்ததைச் சொல்லியிருக்கிறான், அண்ணாச்சிதான் கழற்றச் சொன்னார் என்று. பேச்சி நம்பவில்லையாம். "அவரு அப்படிச் சொல்லியிருந்தா எந்த முகத்தோட நம்ம வீட்டு இலையில வந்து உக்காருவாரு? நீரு உம்ம கொழுப்புல கழட்டிட்டு, வேலை வாங்கித் தந்த மனுசன் மேல பழி போடுதீரு" என்று சண்டை பிடித்தாளாம். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம்.

இதைச் சொல்லிவிட்டு ஜெபசிங், "நல்லா இருங்க அண்ணாச்சி" என்று போய்விட்டான். அந்த வீடியோ எடுத்த அவன் பழைய போன் உடைந்துவிட்டது. கம்பெனியில் இருப்பது பாடத்துக்காக நான் அனுப்பியது. அனுப்பும்போதே சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன், காற்று இரைச்சல் தொந்தரவாக இருக்கும் என்று. சத்தத்தோடு இருப்பது இந்தப் போனில் மட்டும்தான். இரண்டு தடவை போன் மாற்றிவிட்டேன், இரண்டு தடவையும் இதை முதலில் மாற்றிக்கொண்டேன். ஏன் அழிக்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், தெரியவில்லை.

கம்பெனி வக்கீல் காலையில் வந்து பார்த்தார். மரியாதையான மனிதர். "நீங்க பொய் எதுவும் சொல்ல வேண்டாம் சார். 'நினைவில்லை'ன்னு சொன்னாப் போதும். உங்க வயசுக்கு யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றார். இப்போது கீழே காபி குடிக்கப் போயிருக்கிறார். நினைவில்லை. சின்ன வார்த்தைதான். மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் வருகிறது.

நாலாவது வழக்கு கூப்பிட்டுவிட்டார்கள் போல.

சார், டிக் போட மறந்துவிட்டேன் என்று சொன்னேன் இல்லையா? மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்துவிட்டேன். நான் ஏசியது சென்னையில் கேட்க வேண்டாம் என்றுதான். அவனுக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. கொக்கி என் கண்ணில் படாமல் போனது மட்டும் உண்மை. அந்த ஒன்றையாவது நம்புங்கள்.

உங்களிடம் ஒரு உதவி. இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். வாக்கி டாக்கி வழியாக வந்த குரல், அதிலும் காற்று. என் குரல் என்றே தெரியாது என்றால் இதைக் காட்டியும் பிரயோஜனம் இல்லை, அவனுக்கு வீண் ஆசைதான். நீங்கள் இவ்வளவு நேரம் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எந்தப் பக்கமும் சேராத மனிதர். நீங்கள் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால், நான் உள்ளே போய் நினைவில்லை என்று சொல்லிவிடுவேன். நிம்மதியாகச் சொல்வேன். இங்கே இரைச்சலாக இருக்கிறது, சத்தத்தை முழுக்க வைக்கிறேன். இதோ.

"அண்ணாச்சி, கயிறு எட்டல. பக்கத்து மெஷின்ல காத்து பதினெட்டு காட்டுதாம். எறங்கிட்டு நாளைக்கு வாரேன்."

இது சேர்மத்துரை. அடுத்ததைக் கேளுங்கள்.

"எறங்கினா அப்படியே வீட்டுக்குப் போயிரு. இனி ஏறவே வேண்டாம். ஏல, கொக்கியக் கழட்டிட்டுப் போ! புதுப் பொண்ணு மாதிரி என்னல தடவிக்கிட்டு இருக்க?"

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் சார். உங்கள் முகத்திலேயே இருக்கிறது.

வராந்தா முழுக்கக் கேட்டுவிட்டது. டவாலி கதவுக்கு வெளியே வந்து பார்க்கிறார். படிக்கட்டில் கம்பெனி வக்கீல் காபி தம்ளரோடு அப்படியே நிற்கிறார். அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறார். ஒரு விரலால் தொட்டால் நின்றுவிடும், எனக்குத் தெரியாதா? இன்னும் பத்து வினாடிதான் சார். ஓடட்டும்.

சேர்மத்துரை வருகிறான். பேச்சியும் பின்னாலேயே வருகிறாள்.

என்ன சேர்மா?

இன்னொரு தடவையா? அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையா?

கிட்டே வாம்மா. இப்படி வந்து நில்லு. முதலிலிருந்தே போடுகிறேன்.